பசியாறிய இடங்கள்: மலேசிய உணவுக்கடைகளில் நின்றவர்களும் அமர்ந்தவர்களும்

2024ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் யுனெஸ்கோ நிறுவனம் மலேசியாவின் காலையுணவுப் பண்பாட்டை மானுடத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகத் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் ஆகியவற்றைப் பல இனத்தவரும் கூடியமர்ந்து உண்ணும் வழக்கத்துக்குக் கிடைத்த ஏற்பு அது. நாளேடுகள் கொண்டாடின, கொண்டாடத்தக்க செய்திதான். அந்த வாரத்தில் என் வகுப்பு மாணவி ஒருத்தி, காலையுணவு என்பதற்குத் தமிழில் வேறு சொல் உண்டா என்று வினவினாள். "வீட்டில் நீ என்ன சொல்வாய்?" என்று திருப்பிக் கேட்டேன். சற்று நாணத்துடன், "பசியாறுறது" என்றாள். அதனைக் கொச்சை என்று அவள் இத்தனை நாளும் எண்ணியிருக்கிறாள்.

மலேசியத் தமிழர் காலையில் ஒருவரையொருவர் கண்டால் முதலில் கேட்பது, "பசியாறியாச்சா?" என்பதுதான். தமிழகத்தில் காலையுணவைக் குறிக்க இச்சொல்லைப் பெரிதும் ஆள்பவர்கள் நாகூர், காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் வாழும் தமிழ் முஸ்லிம்கள். இந்நாட்டுத் துறைமுகங்களில் உணவு சமைத்து விற்பதில் முன்னின்றவர்களும் தமிழ் முஸ்லிம்களே. பசியாறல் என்னும் சொல் அவர்களோடு கப்பலேறி வந்து, கடைவழியாகத் தோட்டத்து லயங்களுக்குப் பரவியிருக்கலாம் என்று கருத இடமுண்டு.

இச்சொல்லைப் பற்றுக்கோடாகக் கொண்டு ஒரு வினாவை இங்கே எழுப்ப விரும்புகிறேன். யுனெஸ்கோ போற்றும் அந்தக் கூடியமர்ந்து உண்ணல் நம்மவர்க்கு எப்போது வாய்த்தது? முதலில் அமர்ந்தவர் யார்? நெடுங்காலம் நின்றவர் யார்? உணவுக்கடையைப் பற்றி எழுதுவோர் ரொட்டி எங்கிருந்து வந்தது, குழம்பு எங்கிருந்து வந்தது என்பதையே பெரிதும் ஆராய்கின்றனர். அக்கடையில் கிடந்த நாற்காலிக்கும் ஒரு வரலாறு உண்டு.

சொல் காட்டும் தடம்

நகர வீதியில் நின்று பெயர்ப்பலகைகளைப் படித்துப் பாருங்கள். உணவுக்கடை 'கெடாய் மாக்கானான்'. கோப்பிக் கடை 'கெடாய் கோப்பி'. 'கெடாய்' என்னும் மலாய்ச் சொல் நம் 'கடை'யே. 1511இல் போர்த்துகீசியர் மலாக்காவைக் கைப்பற்றுவதற்கு முன்பே தமிழ் வணிகர் அத்துறைமுகத்தில் செல்வாக்கோடு விளங்கினர். அந்தப் பழைய வணிக உறவே நம் சொற்கள் பலவற்றை மலாயில் விதைத்தது. கடை வைப்பதற்கு வேண்டிய முதலை மலாயில் 'மோடால்' என்பர். அதுவும் நம் 'முதல்'தான். கறி 'காரி' ஆயிற்று. அப்பம் 'ஆப்பம்' ஆயிற்று. இடியப்பம் 'பூத்து மாயாம்' என்று வழங்குகிறது, அதிலே புட்டு ஒளிந்திருப்பதைக் காணலாம். இந்திய ஆங்கிலத்தில் டகரம் போல் ஒலிக்கத் தொடங்கிவிட்ட தோசையை மலாய் எழுத்து மட்டும் இன்றுவரை தகரத்தோடே காத்துவருகிறது.

ரொட்டி சானாயில் உள்ள 'சானாய்' எது என்பதில் கருத்து வேற்றுமை உண்டு. சென்னையே சானாய் ஆயிற்று என்று பலர் பெருமையோடு சொல்வர். கேட்க இனிமையாகவே இருக்கிறது. ஆயினும் மலாயில் 'சானாய்' என்பது மாவைத் தேய்த்து மெலிதாக்குதலைக் குறிக்கும் வினைச்சொல்லாக ஏற்கெனவே உள்ளது. கண்முன் நிற்கும் விளக்கத்தை விட்டுக் கடல் கடந்து தேட வேண்டியதில்லை என்பதே என் துணிபு. தே தாரிக்கில் 'தே' ஹொக்கியன் சீனம். 'தாரிக்' மலாயில் இழுத்தல். நாம் 'தேநீர் ஆற்றுதல்' என்று சூடு தணிவதை நோக்கிப் பெயரிட்டோம். மலாய்க்காரர் கை நீளும் அழகை நோக்கிப் பெயரிட்டனர்.

இவற்றினும் என்னை நிறுத்தி வைப்பவை உறவுப்பெயர்கள். 'மாமாக்' என்னும் சொல் மாமா என்பதிலிருந்து பிறந்தது. ('மாமாக்' என்று விளிக்கப்படுவதை இழிவாகக் கருதும் இந்திய முஸ்லிம் பெரியவர்களும் உள்ளனர். அவர்தம் மனவருத்தம் நியாயமானது. ஒரு சமூகத்தாரைச் சுட்டிச் சொல்லும்போது இச்சொல்லை நான் தவிர்க்கிறேன், கடையின் பெயராக மட்டும் ஆள்கிறேன்.) பரிமாறுபவரை மலாய் இளைஞரும் சீன இளைஞரும் 'ஆனே' என்று அழைக்கின்றனர், அது நம் அண்ணன். வயதில் இளையவராயின் 'தம்பி'. இக்காலப் பிள்ளைகளுக்கு எல்லாரும் 'மாச்சா', அது மச்சான். மாமன், அண்ணன், தம்பி, மச்சான் ஆகிய நான்கும் ஆண்பால். இந்தியப் பெண்ணைக் குறிக்க மலாய்ப் பேச்சில் 'ஆச்சி' உண்டு; ஆனால் அது உணவுக்கடையின் விளிச்சொல் ஆகவில்லை. அக்காளும் அத்தையும் கடைக்குள் நுழையவேயில்லை. ஒரு மொழி கடன்வாங்கிய சொற்களைப் பார்த்தே, அக்கடையின் மேசைக்கு இருபுறத்திலும் யார் இருந்தார் என்பதை ஒருவாறு உணரலாம்.

பழந்தமிழ் அங்காடியில் நிலை இவ்வாறு இல்லை. அப்பம் சுட்டு விற்ற கூவியரையும் பிட்டு விற்ற காழியரையும் சொல்லும் சிலப்பதிகாரம், புகார் நகரத் தெருவில் கள் விற்ற மகளிரையும் உடன் வைத்தே சொல்கிறது.

தோளில் வந்த கடை

1786இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் ஆங்கிலக் கொடியை ஏற்றிய சிறிது காலத்திலேயே சோழமண்டலக் கரையிலிருந்து தமிழ் முஸ்லிம்கள் பெருந்தொகையினராய் அங்கு வந்து சேர்ந்தனர். 1801இல் அவர்கள் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இன்றும் அதற்குச் சான்றாக நிற்கிறது. துறைமுகத்தில் சுமை தூக்கியவர்க்கும் படகோட்டியவர்க்கும் விடியற்காலையில் சுடுசோறு வேண்டியிருந்தது. ஒரு கழியின் ஒரு முனையில் சோற்றுப்பானை, மறுமுனையில் குழம்புச் சட்டிகள் எனத் தோளில் சுமந்து வந்து விற்றனர். அக்கழியைச் சுமப்பதற்கு மலாயில் 'கண்டார்' என்று பெயர். நாசி கண்டார் என்பது காவடிச் சோறு என்று பொருள்படும். கடை என்பது அங்கே ஓர் இடமாக இருக்கவில்லை. ஒருவரின் தோளாக இருந்தது. உண்டவர் நடைபாதையில் குந்தியோ நின்றோ உண்டார்.

பின்னர் அக்கழிகள் சுவர்களுக்குள் புகுந்தன. பினாங்குக் கேம்பல் தெருவில் உள்ள ஹமீதியா உணவகம் 1907இல் தொடங்கியது. அங்கும் பிற கடைகளிலும் குழம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றித் தருவர். அதனை 'பாஞ்சிர்' என்று கேட்பர், வெள்ளம் என்று பொருள். கோழிக்குழம்பும் மீன்குழம்பும் மாட்டிறைச்சிக் குழம்பும் கலந்து பாயும் அவ்வெள்ளத்துக்கு அஞ்சி ஒதுங்கும் இந்து அன்பர்கள் இன்றும் உள்ளனர். ஒரே கடையில் அனைவரும் உண்கிறோம் என்று நாம் எழுதும்போது இத்தகைய தயக்கங்களையும் சேர்த்து எழுதுவதே நேர்மை.

இக்கடைகளுக்கு மசாலா அரைத்தவர் யாவர்? கடையநல்லூர், தென்காசிப் பகுதி முஸ்லிம்கள் நீரிணைக் குடியேற்றங்களுக்கு வந்தபோது மற்றையோரைப் போலன்றி மனைவி மக்களையும் உடன் அழைத்து வந்தனர். அப்பெண்கள் அம்மியில் மசாலா அரைத்து விற்றனர். கடையின் மணம் அவர்களுடையது. பெயர்ப்பலகையில் அவர்களுக்கு இடமில்லை, மேசையிலும் இல்லை.

நகரத்துச் செட்டியார்களின் நிலை வேறு. கோலாலம்பூர் லெபோ அம்பாங், பினாங்குத் தெரு ஆகிய இடங்களில் அவர்தம் கிட்டங்கிகள் இருந்தன. பகலில் வட்டித்தொழில் நடந்த அதே கூடத்தில் இரவில் பாய் விரித்தனர். ஊரிலிருந்து வந்த சமையற்காரர் ஆக்கிப்போட்டார். அவர்களுக்கு வெளிக்கடை தேவைப்படவில்லை.

பளிங்கு மேசை

தமிழர் முதன்முதலில் தலைநிமிர்ந்து அமர்ந்த நாற்காலி தமிழர் கடையில் கிடந்ததா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. அது ஹைனான் தீவிலிருந்து வந்த சீனரின் கோப்பிக் கடையில் கிடந்த வளைமர நாற்காலியாக இருக்கவே வாய்ப்பு மிகுதி.

ஹைனானியர் பிற சீனர்க்குப் பின்னே வந்தவர்கள். ஈயச் சுரங்கம், வணிகம் முதலியவற்றில் மற்றக் குழுவினர் முன்னரே காலூன்றிவிட்டனர். எஞ்சியது சமையல். வெள்ளைக்காரத் துரைமார் வீடுகளிலும் விடுதிகளிலும் சமைத்தனர். 1921இல் கோலாலம்பூர் பத்து சாலையில் தொடங்கிய கொலிசியம் விடுதியில் தோட்டத் துரைமார் இறைச்சியும் மதுவும் அருந்தியபோது அடுப்படியில் நின்றவர்கள் ஹைனானியரே. 1930களில் உலகப் பொருளாதாரச் சரிவால் துரைமார் வீட்டு வேலைகள் குறைந்தன. கடைவீடுகளின் வாடகையும் இறங்கியது. சமையற்காரர் பலர் முதலாளியாயினர். வெள்ளைக்காரன் உண்ட வாட்டிய ரொட்டியும் அரைவேக்காட்டு முட்டையும் கோப்பியும் மூலைக் கடைக்கு வந்தன. பசும்பால் இந்த வெப்பத்தில் தங்காது, டின்பால் தங்கும். மலேசியக் கோப்பியின் சுவையை வரையறுத்தது அந்த டின்தான். தீர்ந்த டின்னும் வீணாகவில்லை. அதன் வாயில் கயிறு கட்டி, கோப்பியை ஊற்றி, வீட்டுக்குக் கொண்டுபோகக் கொடுத்தனர்.

அக்காலத்தில் தமிழகத்தில் 'பிராமணாள்' என்னும் பெயர்ப்பலகையுள்ள காப்பிக் கடைகள் இருந்தன. அச்சொல்லை நீக்கக் கோரிப் பெரியார் சென்னையில் போராட்டம் நடத்தியது 1957இல். அதற்கு இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்னர், 1929 டிசம்பரில், அவர் மலாயாவுக்கு வந்து சாதியொழிப்பைப் பேசினார். அப்பேச்சைக் கேட்டவர்கள் லயங்களிலும் கோயில்களிலும் சாதியைக் கண்டவர்கள். கப்பலேறியதால் அது கரைந்துவிடவில்லை. ஆனால் கோப்பிக் கடைக்காரருக்கு வந்தவரின் குலம் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. காசு வைத்தால் குவளை வரும். எல்லாருக்கும் அதே பீங்கான், அதே பளிங்கு மேசை. சூடு தாங்காதவர் தட்டில் ஊற்றிக் குடித்தார். எந்தச் சீர்திருத்த உரையும் செய்யாத வேலையை ஒரு பீங்கான் குவளை ஓசையின்றிச் செய்தது என்று நான் கருதுகிறேன். இதனை மிகைப்படுத்தவும் கூடாது. கடையை விட்டு இறங்கி லயத்துக்குத் திரும்பியவர் பழைய சாதிக்கே திரும்பினார்.

அம்மேசையில் நாளேடும் கிடந்தது. தமிழ் நேசன் 1924இலும் தமிழ் முரசு 1935இலும் தோன்றின. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்பது தோட்டப்புறத்தாரின் வழக்கமாக இருந்தது. 1950, 51 ஆண்டுகளில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் தமிழ் நேசனில் கதை வகுப்பு நடத்தியபோது, அதனைப் படித்து எழுதக் கற்ற இளைஞர்களுள் பலர் வீட்டில் மேசையில்லாதவர்கள். தமிழ் நேசன் 2019 சனவரியோடு நின்றுபோயிற்று. வாசித்த குரலும் கேட்ட செவிகளும் அதற்கு முன்பே கடையை விட்டுப் போய்விட்டன.

தோட்டத்து வாசலில்

நகரத்தில் இவ்வாறிருக்க, தமிழருள் பெரும்பாலோர் வாழ்ந்த தோட்டத்தில் நிலை என்ன? இருட்டிலேயே பிரட்டுக்கு நின்று, மரம் வெட்டி, வெயில் ஏறியபின் மரத்தடியில் தூக்குச் சட்டியைத் திறந்து உண்டனர். பொருள் வாங்கத் தோட்டக் கடை இருந்தது. அங்கே காசுக்கு மாறாகச் சிறிய 555 கணக்குப் புத்தகம் பேசியது. அமர்ந்து கொள்வதற்குத் தோட்டத்தில் இருந்த ஒரே பொது இடம் கள்ளுக்கடை. அதனை நடத்தியது தோட்ட நிருவாகம். ஆண்களின் கூலி ஒரு கையால் கொடுக்கப்பட்டு மறுகையால் அங்கே வாங்கப்பட்டது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்தம் கோரிக்கைகளுள் கள்ளுக்கடைகளை மூடுதலும் ஒன்று. துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்ற இழிவை நீக்குதல் இன்னொன்று. பெண்களுக்குப் பாதுகாப்பு வேறொன்று. முன்னின்றவர்களுள் ஒருவரான ஆர். எச். நாதன் தமிழ் நேசனில் துணையாசிரியராக இருந்தவர். அவரைக் கைது செய்தபின் போராட்டம் இன்னும் பரவியது.

அடுத்துவந்த ஜப்பானியர் காலத்தில் அரிசி மறைந்து மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. அதன்பின் வந்த அவசரகாலத்தில், 1948 முதல் 1960 வரை, காட்டிலிருந்த போராளிகளுக்கு உணவு சென்றுவிடாதபடி அரசு கடுமையான கட்டுப்பாடு விதித்தது. டின் உணவை விற்கும்போது கடைக்காரர் அதில் ஓட்டையிட்டே கொடுக்க வேண்டும், சேர்த்துவைக்க முடியாது. சில பகுதிகளில் வீட்டில் சோறு ஆக்கவே தடை. ஓரிடத்தில் மொத்தமாகச் சமைத்துப் பங்கிட்டனர். வேலைக்காட்டுக்குச் சோறு கொண்டு போவதும் குற்றமாயிற்று. நடுப்பகல்வரை வெறும் வயிற்றோடு மரம் வெட்டிய அத்தலைமுறையினர், பின்னாளில் பேரப்பிள்ளைகளைப் பார்க்கும் போதெல்லாம் "பசியாறுனியா?" என்று ஏன் அத்தனை முறை கேட்டார்கள் என்பது எனக்கு நெடுநாள் விளங்கவில்லை.

என் பாட்டி அத்தலைமுறையைச் சேர்ந்தவர். மரம் வெட்டாத நாள்களில் தோசை சுட்டு, அலுமினியப் பாத்திரத்தில் அடுக்கி, தோட்டத்து வாசலில் நின்று விற்றார். சம்பள நாளில் தாத்தா பட்டணத்துக் கோப்பிக் கடையில் அமர்ந்து அருந்திவிட்டுப் பாட்டிக்குக் கயிறு கட்டிய டின்னில் கோப்பி கொண்டுவருவார். என் தாயின் காலத்தில், அதாவது 1980களில், டின் போய் ஞெகிழிப் பை வந்தது. அப்பா கடைக்குள் இருப்பார்; அம்மாவும் நானும் பேருந்து நிலையப் பலகையில் காத்திருப்போம். பையிலே உறிஞ்சுகுழல் செருகிய கோப்பியும் தாளில் பொதிந்த மீ கோரிங்கும் எங்களிடம் வரும். அவர் எங்களை வெறுத்து அவ்வாறு செய்யவில்லை. பெண்டிர் கடையில் அமர்வது பற்றி அவர் சிந்தித்ததே இல்லை, அம்மாவும்தான்.

2003இல் என் முதற்சம்பளத்தில் அம்மாவை நகரத்து வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துச் சென்றேன். விசிறிக்கு நேரே இருந்த மேசையில் அமர்ந்தோம். மிகுந்த கவனத்தோடு உண்டார். முடித்ததும் இலையை மடித்தார்; மடித்ததோடு நில்லாமல் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து, எங்கே போடுவது என்று சுற்றுமுற்றும் பார்த்தார். பரிமாறியவர் ஓடிவந்து, "வைங்கம்மா, நாங்க எடுப்போம்" என்றார். அம்மா இலையைத் தர மனமில்லாமல் நின்றது இன்னும் என் கண்முன் உள்ளது. பிறர் எச்சிலை எடுத்தே பழகியவருக்குத் தம் எச்சிலைப் பிறர் எடுப்பது தாங்க முடியாததாயிற்று.

இரவுக் கடை

1970களில் இந்நாட்டில் இஸ்லாமிய மறுமலர்ச்சி எழுந்தபின் ஹலால் பற்றிய கவனம் மிகுந்தது. முன்பு சீனர் கோப்பிக் கடையில் தயக்கமின்றி அமர்ந்த மலாய்க்காரர் மெல்ல விலகினர். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்பு மனைகளாக மாறியும் வந்ததால் தமிழர் நகரின் ஓரங்களுக்குப் பெயர்ந்தனர். இந்த இரு நகர்வுகளும் சந்தித்த இடம் மாமாக் கடை. ஹலாலானது, மலிவானது, மரக்கறி உண்பவருக்குத் தோசை உண்டு, சீனருக்கும் மனத்தடை இல்லை. 1990களில் அது விடிய விடியத் திறந்திருக்கும் கடையாயிற்று. 1998இல் உலகக் கிண்ணக் காற்பந்து நடந்தபோதும், அதே ஆண்டின் அரசியல் கொந்தளிப்பின்போதும் நள்ளிரவு கடந்தும் அங்கே மேசைகள் நிரம்பியிருந்தன.

அந்த நள்ளிரவில்தான் பெண்களுக்கும் நாற்காலி கிடைத்தது என்பது வேடிக்கையான உண்மை. பல்கலைக்கழக விடுதியில் தங்கிப் படித்த நாங்கள் நால்வர் தேர்வுக் காலத்தில் இரவு பதினொரு மணிக்குத் தே ஓ அருந்தச் செல்வோம். கல்லாவில் இருந்த பெரியவர் முதல்நாள், "என்னம்மா, இந்த நேரத்துல?" என்றார். இரண்டாம் நாள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் விளக்கு வெளிச்சம் நன்றாக விழும் மேசையைத் துடைக்கச் சொன்னார். குறுந்தொகையை நான் ஊன்றிப் படித்தது அந்த மேசையில். 2019 சனவரி 1 முதல் உணவகங்களில் புகைத்தலைத் தடை செய்ததும் என்போன்றோர்க்கு நன்மையாயிற்று.

கோப்பிக் கடைகளின் கதை வேறு வழியில் சென்றது. போருக்கு முற்பட்ட கட்டடங்களுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாடு 2000 சனவரி 1 முதல் நீங்கியதும் வாடகை ஏறியது. ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில் பல காலியாயின. 2008இல் அந்நகரம் உலக மரபிடம் ஆனபின் சுற்றுலாப் பயணிக்கான சிற்றுண்டிச் சாலைகள் அங்கே முளைத்தன. கோலாலம்பூரில் 1928 முதல் இயங்கிவரும் யுட் கீ என்னும் ஹைனானியர் கடை 2014இல் பழைய இடத்தை விட்டு அருகிலிருந்த தெருவுக்கு மாறியது. பளிங்கு மேசையும் வளைமர நாற்காலியும் இப்போது பேரங்காடிகளின் குளிரறைகளில் அலங்காரமாகச் செய்து போடப்படுகின்றன. அங்கே ஒரு குவளைக் கோப்பியின் விலையைக் கேட்டால் என் தாத்தா எழுந்து போய்விடுவார்.

2020 மார்ச் 18 அன்று பெருந்தொற்றுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது கடைகள் பொட்டலம் மட்டுமே தரலாயின; மே திங்களில்தான் மீண்டும் அமர அனுமதித்தனர். அந்த வாரங்களில் நாடே கடைக்கு வெளியே பை ஏந்தி நின்றது. நண்பர்கள் பலர் அதனை வரலாறு காணாத நிலை என்று கவிதை எழுதினர். பேருந்து நிலையப் பலகையை அறிந்த நான் அப்படி எழுதவில்லை.

நம் வட்டத்தின் பத்தாண்டு வரலாற்றிலும் இக்கடைக்குப் பங்கு உண்டு என்பதை உறுப்பினர் அறிவர். மாதக் கூட்டம் மண்டபத்தில் நடக்கும். மெய்யான கூட்டம் அதன்பின் மாமாக் கடையில் நடக்கும். மண்டபத்தில் "சிறப்பு" என்று பாராட்டப்பட்ட கவிதை அங்கேதான் பிரித்து ஆராயப்படும். அடுத்த இதழில் எது வரும், யார் பேச வருவார் என்பதும் அங்கேயே முடிவாகும். முதற்சில ஆண்டுகளில் பெண் உறுப்பினர்கள் மண்டபத்தோடு விடைபெற்றோம். இரவு நேரம், கடைசித் தொடர்வண்டி, வீட்டில் குழந்தைகள் எனக் காரணங்கள் பல. யாரும் எங்களைத் தடுக்கவில்லை. யாரும் அழைக்கவும் இல்லை. எங்கள் கவிதைகள் பாராட்டப்பட்டன, ஆராயப்படவில்லை. பின்னர் நாங்கள் நால்வர் ஒருநாள் நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்ந்தோம். அன்றிரவு என் கவிதை ஒன்றைக் கிழித்து எறிந்த நண்பருக்கு இம்மலரின் வாயிலாக நன்றி கூறுகிறேன்.

இனி, அம்மேசையைத் துடைப்பவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். தே தாரிக் ஆற்றுவோரும் பரிமாறுவோரும் இன்று பெரும்பாலும் வங்காளதேசத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் ஒப்பந்தத்தின் பேரில் வந்த இளைஞர்கள். 2018 சூன் திங்களில், உணவகங்களில் உள்நாட்டுச் சமையற்காரரையே அமர்த்த வேண்டும் என்று மனிதவள அமைச்சர் கூறினார். எதிர்ப்பு எழவே, அது கருத்து மட்டுமே என்று விளக்கமளித்தனர். மரபுச் செல்வம் என்று நாம் பெருமை கொள்ளும் ரொட்டியை வீசித் தட்டுபவருக்கு இந்நாட்டில் தங்கும் உரிமை ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டியதாக உள்ளது.

சென்ற மாதக் கூட்டம் முடிந்து கடையை விட்டு நாங்கள் எழுந்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. எங்கள் குவளைகளை அடுக்கிக்கொண்டிருந்த இளைஞரிடம் எந்த ஊர் என்று கேட்டேன். கடையநல்லூர் என்றார். சாப்பிட்டாயிற்றா என்று கேட்க நினைத்தேன். வாயில் வந்ததென்னவோ பழைய சொல்தான். "பசியாறியாச்சா?" நள்ளிரவில் அச்சொல்லைக் கேட்டதும் அவர் சிரித்துவிட்டார். மேசையைத் துடைத்தபடியே சொன்னார்: "கடை ஓயட்டும். மூணு மணிக்கு மேல பின்னாடி நின்னுக்கிட்டே சாப்பிட்டுக்குவோம் அக்கா."